சுளுக்கு

லாரி ஓட்டும் சவரிமுத்துவின் இடது கெண்டைக்கால் ஒரு வாரமாக வீங்கிக் கனத்திருந்தது. நேற்று எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் அவருடைய மனைவி ரெஜினாவிடம் சொன்னார்: "ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்கும்மா. யாரும் நீவிவிட்டுடாதீங்க. கட்டி நழுவி நுரையீரல்ல போய் அடைச்சுக்கும்."

ரெஜினா கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். விரலிடுக்கில் தைலம் இன்னும் மணத்தது. இன்று காலைதான், அவர் கத்தக் கத்த, குதிகாலிலிருந்து முழங்கால்வரை அழுத்தி நீவியிருந்தாள். கட்டைவிரலுக்கடியில் ஏதோ உருண்டு விலகியபோது, "சுளுக்கு விட்டுருச்சுங்க" என்று சந்தோஷப்பட்டாள்.

டாக்டரிடம் சொல்லிவிட வாயெடுத்தாள்.

"வலி எங்க போச்சுன்னே தெரியல டாக்டர். எல்லாம் இவ கைராசி," என்று கட்டிலில் படுத்திருந்த சவரிமுத்து சிரித்தார்.

சிரிப்பின் நடுவே ஒருமுறை இருமினார்.