பறவை சாரும் ரவுடியும்

“பாருய்யா, உன் பூனை பண்ணின வேலையை!”

மதில்மேல் ஒரு செய்தித்தாள் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பக்கம் பறவை சார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வந்து பிரித்தார். மஞ்சள் வயிற்றோடு ஒரு குட்டிப் பறவை. கழுத்து தொங்கிப் போயிருந்தது.

“இந்த மாசத்துல இது எத்தனையாவது தெரியுமா? குளிர் தாங்காம எங்கிருந்தோ பறந்து வருதுங்க. என் தோட்டத்துல வந்தா உயிரை விடணும்?”

“சார், ரவுடிக்கு வயசாயிடுச்சு. கட்டில்லயே ஏற முடியாம நிக்கிறான். அவன் எப்படி மதில் தாண்டி...”

“அப்போ நான் பொய் சொல்றேனா?”

“ஐயையோ, அப்படிச் சொல்வேனா சார்!”

யாருமே சொல்ல மாட்டார்கள். ரிட்டயர் ஆன பேங்க் மேனேஜர். பறவை பார்ப்பதற்காகவே வீட்டின் பின்சுவரை இடித்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடியாகப் போட்டவர். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பறவைகளைக் காட்டுவார். அந்தக் கண்ணாடியைத் துடைக்க மனைவியைக்கூட விடமாட்டார். தினமும் காலையில் அவரே துடைப்பார்.

“சாயங்காலத்துக்குள்ள அது இங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

மெக்கானிக்கின் மனைவி அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அவர் சொன்னா? ரவுடி நம்ம வீட்டு ஆளு!”

“சார் சும்மா சொல்ல மாட்டாருடி. பறவை பாவம், வாயில்லாத ஜீவன்.”

“ஏன், ரவுடி மட்டும் பேசுறானா?”

மெக்கானிக் ஒரு கூடையை எடுத்து வந்தார். ரவுடியைக் கூடையில் வைத்து, பைக்கில் கட்டி, ஊர்க்கோடியில் மச்சான் வேலை பார்க்கும் குடோனில் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் ஒரு ஸ்கூட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டுவிட்டு, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை. பறவை சாரும் மனைவியும் கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் ஓர் இலை மிச்சமில்லை, எல்லாம் உதிர்ந்தாயிற்று. அதுவும் வசதிதான், பறவைகள் பளிச்சென்று தெரிந்தன.

“அதோ பாரு, அந்த நீள அலகுக்காரன், நம்ம மூக்கன் வந்துட்டான்! கூடவே ஜோடியும். பூனை போன ஒரே நாள்ல தோட்டத்துக்கே ஒரு களை வந்துடுச்சு பாத்தியா?”

டப்!

மனைவியின் டீ புடவையில் கொட்டியது. கண்ணாடியில் கை அகலத்துக்கு ஒரு கறை, அதில் ஒட்டிக்கொண்டு ஓர் இறகு. வெளியே, தரையில் மூக்கன்.

அவள் எழுந்து தோட்டத்துக்குப் போய், அங்கிருந்து கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளே வீடும் தெரியவில்லை, வீட்டுக்காரரும் தெரியவில்லை. வெறும் மரமும் வெயிலும் பெரிய நீல வானமும்தான் இருந்தன.

திரும்பி வந்தாள்.

“ஏங்க, தினமும் தூசி தூசின்னு துடைச்சீங்களே. அது இதுதானா?”

பறவை சார் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மரத்துல இலை இருந்தவரைக்கும் கண்ணாடிமேல நிழல் விழுந்துச்சு. இப்ப அதுங்களுக்கு இதுவும் வானம்தான். அந்த மனுஷன் நேத்து அழாத குறையாத் தூக்கிட்டுப் போனாரு. போங்க. போய் உள்ளதைச் சொல்லிட்டு, பூனையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் இதுமேல பழைய போர்வை ஒண்ணைக் கட்டுறேன்.”

“சொல்றேன், சொல்றேன்.”

“இப்பவே!”

போனார். மெக்கானிக் வீட்டு முன்னால் வண்டி ரிப்பேருக்கு வந்த ரெண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பறவை சாரைப் பார்த்ததும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“சார், நானே வரலாம்னு இருந்தேன். மச்சான் போன் பண்ணினான். ரவுடி ஒரு வாய் சாப்பிடலையாம். மூலையிலயே கிடக்கிறானாம். ஒருவேளை... அவன் இல்லாதபோதும் ஏதாவது செத்திருந்தா, கூட்டிட்டு வந்துடலாம்னு ஒரு நப்பாசை. இன்னைக்கு எதுவும் விழுந்துச்சா சார்?”

வண்டிக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“பறவை விஷயத்துல சார் சொன்னா சரியா இருக்கும்” என்றார் ஒருவர்.

பறவை சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ஒண்ணுகூட விழலப்பா. நான்தான் அப்பவே சொன்னேனே!”