கிளிப் வரும்வரை

நைட் ஷிப்ட் முடித்து வந்த முனீஸ்வரன், உச்சி வெயில் இறங்கும் ஷீட் வீட்டுக்குள் அசந்து தூங்குகிறான். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கிறது; கூடவே மூச்சும். மனைவி வினோதா, பல் டாக்டர் காட்டிக்கொடுத்தபடி அவன் கீழ்த்தாடையைப் பிடித்து முன்னால் இழுக்கிறாள். காற்று கரகரத்துக்கொண்டு உள்ளே போகிறது. எழுப்பவும் முடியாது, தூக்கம் போதாமல் நேற்று பிரஸ் மெஷின் முன்னாலேயே கண்ணயர்ந்தவன். தூங்கும்போது பல்லில் மாட்டி, தாடையை இப்படிப் பிடித்து வைக்கும் கிளிப் பெங்களூரிலிருந்து வர இன்னும் பத்து நாள் ஆகும். தெருமுனையில் அவளுடைய சிப்காட் கம்பெனி பஸ் ஹார்ன் அடிக்கிறது. “வினோ, வர்றியா இல்லியா?” என்கிறாள் வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு ரஞ்சிதா. “அவரு இன்னொரு மூச்சு விடட்டும்க்கா, வந்துர்றேன்.” மரத்துப்போன விரல்களை மெல்ல எடுக்கிறாள். குறட்டை நிற்கிறது. வெளியே பஸ் மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது.