நீர்யானை கூடாரத்துக்குள் வருமா?

"ஏலே ரெக்ஸ், அந்த நீர்யானை கூடாரத்துக்குள்ள வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, டைரியும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார் மரிய ஜோசப். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த லூர்து மேரியும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உள்ள வராதுப்பா. ஆனா இருட்டினதும் கரையேறி வாசல்லயே நின்னு புல்லு மேயும். அந்த நேரம் வெளிய வந்தா ஆள் காலி. சிங்கத்தவிட அதுதான் மோசம்."

"அப்ப ஒண்ணுக்கு வந்தா?"

"டூரிஸ்ட்டுகளுக்கு உள்ளயே பாத்ரூம் இருக்கு. வேலை பாக்குற எங்க பக்கம் கிடையாது. அதுக்குத்தான் சொல்றேன், இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா இந்த ஊரு?"

'நீர்யானை - வாசல் வரை' என்று டைரியில் எழுதிக்கொண்டார் மரிய ஜோசப்.

ஒக்கவாங்கோ என்ற ஆறு கடலுக்குப் போகாமல் மணலில் பரந்து சதுப்பாகிற இடம் போட்ஸ்வானாவில் இருக்கிறது. அங்கே மிருகம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் முகாம் ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை ரெக்ஸுக்கு. போய் மூன்று வருஷமாகியும் இராயப்பன்பட்டிக்கு ஒருமுறைகூட வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, "நல்லாருக்கேன், லீவு கிடைக்கல" என்று வைத்துவிடுவான். மூன்று கிறிஸ்துமஸுக்கு அவனுக்கென்று எடுத்த சட்டைகள் பிரிக்காமலே பீரோவில் கிடந்தன.

அதனால்தான், "டிசம்பர்ல நாமளே போயிப் பாத்துட்டு வருவோம்" என்று கணவர் சொன்னபோது லூர்து மேரி மறுபேச்சுப் பேசவில்லை. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கம்பம் ஸ்டுடியோவில் போய் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டாள். அவர் நடுநடுவே இரண்டு தடவை மதுரைக்குப் போய்விட்டு வந்து, அந்த வேலை முடிந்தது என்றார்.

அவர்கள் வரப்போகிற செய்தியைக் கேட்ட நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் ரெக்ஸே கூப்பிட்டான், ஆளுக்கொரு பயத்தைக் காட்ட. குட்டி விமானத்தில்தான் வர வேண்டும், பதினைந்து கிலோவுக்குமேல் பை கூடாது என்றான். லூர்து மேரி அவனுக்கென்று இடித்து வைத்திருந்த பொடிகளே பன்னிரண்டு கிலோ இருந்தன. நீலச் சேலை கட்டினால் ஒருவகை ஈ தேடி வந்து கடிக்கும் என்றான்.

"மாதாவுக்கே நீலந்தானடா? அவுகளையும் கடிக்குமா?" என்று கேட்டாள் அவள்.

மரிய ஜோசப்புக்கோ கேள்வி ஓயவே இல்லை.

"மழையே பெய்யாத மாசத்துல வெள்ளம் வருதுன்னியே, எப்படிலே?"

"மழை அங்கோலாவுல பெய்யும்ப்பா. அங்கேருந்து வந்து சேரவே மாசக்கணக்காகும்."

"அப்ப ஷட்டரத் தொறக்குறது யாரு?"

"ஷட்டரெல்லாம் இல்ல. தானா வரும்."

"வேற தேசத்துத் தண்ணி தானா வருதா? கேசு கீசு ஒண்ணும் இல்லையா?" பெரியாற்றுத் தண்ணீரில் முப்பது வருஷம் திராட்சைக் கொடி வளர்த்தவருக்கு அதுதான் சிங்கத்தைவிட ஆச்சரியமாக இருந்தது.

போனை வைத்ததும் லூர்து மேரி கீரைத் தட்டை நகர்த்தினாள்.

"நீங்க மகனப் பாக்கப் போறீகளா, நீர்யானையப் பாக்கப் போறீகளா? ஒரு தடவையாவது 'எப்படா வருவே'ன்னு கேட்டீகளா?"

"அதத்தான் மூணு வருசமா நீ கேட்டியே. என்ன சொன்னான்?"

அவளுக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனுக்கு மிருகத்தின்மேல் இருக்கிற அக்கறை பெற்ற பிள்ளைமேல் இல்லையே என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது.

"ரெக்ஸு, நாளைக்கு டிக்கெட் போடுறோம்," என்றார் மரிய ஜோசப். "டிசம்பர் பத்தாந்தேதி. அந்தச் சதுப்புல ஆளுகளக் கூட்டிட்டுப் போற சின்ன ஓடத்துல உங்க அம்மா ஏறியே தீருவேங்கிறா. அந்த ஓடம் ஆடுமா?"

"அம்மாவா? அய்யோ, அந்த ஓடம் தண்ணிக்குமேல ரெண்டு விரக்கடைகூட இருக்காதுப்பா. முதலை கிடக்கும்!"

"எத்தனை முதலை? ஓடத்துக்குப் பக்கத்துலயே வருமா?"

ரெக்ஸின் குரல் கெஞ்சலாக மாறியது.

"அப்பா, சாமி சத்தியமாச் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் அங்கனயே இருங்க. நான் வர்றேன். கிறிஸ்துமஸுக்கு அங்க இருப்பேன்."

"லீவு கிடைக்காதுன்னியேலே?"

"சண்டை போட்டாவது வாங்குறேன். டிக்கெட்ட மட்டும் போட்றாதீங்க!"

லூர்து மேரி மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது டைரியை மூடி வைத்திருந்த கணவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பாவம், நாலு மாசமா எழுதி எழுதி வச்சீக. ஓடத்துல போறதுக்குக் குடுத்து வைக்கல. பாஸ்போர்ட்டு தபால்ல வந்தா பத்திரமா வச்சிருப்போம், என்ன?"

டைரியை உள்ளே வைக்கலாம் என்று அவருடைய மஞ்சள் பையை எடுத்தாள். அதிலிருந்து ஸ்டுடியோ கவர் ஒன்று கீழே விழுந்தது. அவர் போட்டோ நாலு, பட்டுச்சேலையில் அவள் போட்டோ நாலு. எட்டும் அப்படியே இருந்தன.

"ஏங்க, இதக் குடுக்கவே இல்லையா? அப்ப ரெண்டு தடவ மதுரைக்கு எதுக்குப் போனீக?"

மரிய ஜோசப் பைக்குள் கையை விட்டு, மூலை மடங்கிய இரண்டு புத்தகங்களை வெளியே எடுத்தார். அட்டையில் ஆப்பிரிக்க மிருகங்கள்.

"அவங்கிட்டக் கேக்குறதுக்குக் கேள்வி தீந்து போச்சு, லூர்து. இத வாங்கத்தான் போனேன்."