லாபம், ரெண்டு, மூணு

சொந்த வீட்டில் தனியாக இருப்பதற்கு விலை பத்து விநாடி. அவ்வளவு நேரம் ஒற்றைக் காலில் நின்றுவிட்டால் பருப்பு வியாபாரி தவசிலிங்கம் ஊரிலேயே இருக்கலாம். தவறினால் மகள் செல்வராணியோடு சென்னைக்குப் போக வேண்டும்.

"எட்டுக்கு முடிச்சுக்குவோமே, தாயி?"

பிசியோதெரபி பெண் மசியவில்லை. விழுந்தால் பிடிக்கக் கைகளை விரித்து நின்றுகொண்டு, கடிகார முள்ளைப் பார்த்து எண்ணும்படி மகளிடம் சொன்னாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

பருப்பளக்கும் வீட்டில் முதல் படிக்கு ஒன்று என்று சொல்வதில்லை. ஐந்தில் முழங்கால் நடுங்கியது. எட்டில் சட்டை நனைந்தது. "பத்து" என்றதும் கால் தரையில் விழுந்தது.

"ரெண்டுலேர்ந்துதானே எண்ணுனீங்க? அப்ப ஒன்பதுதான்."

"லாபம்னா ஒண்ணு தாயி! நாப்பது வருசமா ஊரே ஒத்துக்கிட்ட கணக்கு. சொல்லு ராணி!"

"முள்ளைப் பாத்தது நீங்கதானே, சொல்லுங்கக்கா."

இந்த வருடம் அவர் மூன்று முறை விழுந்திருக்கிறார். மூன்று முறையும் சென்னையிலிருந்து ஓடி வந்தவள் செல்வராணி. அப்பா இன்னும் சுவரைப் பிடிக்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாளில் ஒன்பது எழுதியாயிற்று. பாக்கி ஒன்று அவள் வாயில் இருந்தது.