பச்சை வரி

“இறந்த அன்று அருமைநாதன் எங்கள் ஊழியர் அல்ல” என்று கம்பெனி எழுதிய கடிதத்தைக் கையில் பிடித்தபடி, கணவனின் சாப்பாட்டுப் பையை எடுக்க ரெஜினா அலுவலகத்தில் அவன் மேசைக்குப் போனாள். சாவதற்கு இரண்டு நாள் முன்பே அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அவனுடைய திரையை மட்டும் யாரும் அணைக்கவில்லை. கம்பெனிச் செயலியின் புதுப் பதிப்பு கிளவுடு சர்வருக்கு ஏறும்போதெல்லாம் அதில் ஒரு பச்சை வரி விழுந்தது. ஒவ்வொரு வரியிலும் ‘அனுமதித்தவர்: அருமைநாதன்’ என்றிருந்தது. கடைசி வரி இன்று காலை பதினொன்று பத்துக்கு விழுந்தது. அவனைப் புதைத்து நாற்பது நாளாகிறது.

“இது என்னம்மா?”

பக்கத்து மேசை பிரவீணா தலையைக் குனிந்துகொண்டாள். “புதுப் பதிப்பை ஏத்துற டூலை அண்ணன்தான் செஞ்சாரு, அக்கா. எல்லாம் அவர் பேர்லதான் ஓடுது. அந்தப் பேரை எடுத்தா மொத்தமும் நின்னுடும். அதான் யாரும் தொடல.”

“அப்போ அவரு வேலையிலதான் இருக்காரு.”

இன்னொரு பச்சை வரி விழுந்தது.

ரெஜினா கடிதத்தை நான்காக மடித்துக் கீபோர்டின்மேல் வைத்தாள். அவனுடைய காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சாயங்காலம் இவரை எத்தனை மணிக்கு விடுவீங்க?” என்று கேட்டாள்.