பனிக்கட்டியை உடைத்து

அமெரிக்கக் கரையில் குடியேறிய பாப்டிஸ்ட் போதகர் ஒபதியா, போன குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் பனிக்கட்டியை உடைத்து, காசநோய்க்காரி தபீத்தாளுக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ‘தண்ணீர் அவளை ஒன்றும் செய்யவில்லை’ என்று இங்கிலாந்தில் இருந்த நண்பர் போதகர் நாத்தான்வேலுக்கு அன்றே பூரித்து எழுதினார். அந்தக் கடிதத்தோடு கப்பல் புறப்பட்ட மறுநாள் தபீத்தாள் இறந்துபோனாள். அதைத் தெரிவிக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

பதில் இன்றுதான் வந்தது. மனைவி உரக்க வாசித்தாள்: ‘நோயாளியான என் மகள், தபீத்தாளைப் போலத் தானும் பனிக்கட்டியை உடைத்தே இறங்குவேன் என்கிறாள். குளிர்காலத்துக்குக் காத்திருக்கிறோம்.’

அவள் கடிதத்தை மடித்தாள். “இப்பவாவது உள்ளத எழுதுங்க. போய்ச் சேரவே மாசக்கணக்கா ஆகும்.”

ஒபதியா இறகுப் பேனாவை மைக்கூட்டில் விட்டார். மை உறைந்திருந்தது.