வெளியே காட்டும் அம்பு

எஸ்தரின் உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கியபோது மணி பதினொன்று. வெளியே நல்ல வெயில்.

கூரையில் எட்டு சோலார் தகடுகள் அந்த வெயிலை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தன.

விதி அப்படி. தெருவில் மின்சாரம் இல்லையென்றால் கூரையும் அணைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே போய், கம்பத்தில் ஏறுகிறவனைக் கொன்றுவிடும். ஆரோக்கியசாமி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அது இருந்தது.

அவர் படித்தது வேறு பக்கம். பகலில் மிஞ்சும் யூனிட்கள் வெளியே போய் வரவாகும், இரவில் கழித்துக்கொள்ளலாம். மனைவி எஸ்தருக்காக இரவு பகலாக ஓடும் ஆக்ஸிஜன் மெஷினுக்கு அது போதும். கூரையிலேயே மின்சாரம் இருக்கும்போது பேட்டரி எதற்கு என்று, பழைய சாமான் எடுக்கும் பங்கார்வாலாவிடம் இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டார்.

விடியற்காலைக் காற்றில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி அறுந்துவிட்டது. லைன்மேன் ஜம்பு வந்து பார்த்தான். புனே பக்கம் இந்தத் தேஹு ரோட்டிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

“மாசாமாசம் எங்களுக்கே கரண்ட் குடுக்கிற வீடு. உங்க வீட்லயே லைட் இல்லையா அங்கிள்?”

மெயினை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு ஏணி எடுத்துவரப் போனான்.

அதற்குள் அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

ஆரோக்கியசாமி பின்கட்டுக்கு ஓடினார். இரண்டு முனையிலும் பிளக் பின் வைத்த வயரை எடுத்தார். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சமையலறை பிளக் பாயிண்ட்டிலும் செருகிக் கயிற்றை இழுத்தார்.

உள்ளே மெஷின் முனகியது. எஸ்தரின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

ஜன்னல் வழியே பார்த்தார். கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. மேல்படியில் இரண்டு கால்கள்.

ஜம்பு சொன்ன மெயினை அவர் இறக்கவில்லை.

வாசலுக்கு ஓடினார். மீட்டரின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இருண்டு கிடக்க வேண்டிய திரை. மூலையில் அந்தச் சிறிய அம்பு. பகலில் அவர் வந்து நின்று ஆசையோடு பார்க்கும் அதே அம்பு. வெளியே காட்டியது.

கை மெயினைத் தொடுவதற்குள் பின்கட்டில் ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது. நின்றது.

உள்ளே மெஷினின் அலாரம் கூவத் தொடங்கியது. கம்பத்துப் பக்கம் சத்தமே இல்லை.

மெயினை இறக்கினார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அங்கிள்.”

வேலியருகே ஜம்பு நின்றான். கையில் ஓர் இரும்புச் சங்கிலி. அதன் முனை கருகியிருந்தது.

“இந்தச் சங்கிலியைப் போட்டு எர்த் பண்ணாம நான் எந்தக் கம்பியையும் தொடறதில்ல. இது பட்டதும்தான் உங்க ஜெனரேட்டர் நின்னுச்சு. போன வருஷம் எங்க லைன்மேன் ராஜா இந்தக் கம்பத்துலதான் போனான். எந்த வீட்டு கரண்ட்டுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.” குரல் உயரவில்லை. “மெயின் இறக்கிட்டீங்கல்ல? போங்க, ஆன்ட்டிக்கு மெஷினைப் போடுங்க.”

ராஜாவின் அடக்கத்துக்கு ஆரோக்கியசாமியும் போயிருந்தார். மழையில் கம்பம் ஈரமாக இருந்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார்.

பின்கட்டுக்குப் போனார். கயிற்றில் கை வைத்தார். இழுக்க முடியவில்லை.

போன வருஷம், எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து மெஷினோடு வந்த வாரம். கொட்டும் மழையில் இதே கம்பி அறுந்த நாள். அன்றும் ஜெனரேட்டர் இப்படி ஒருமுறை இருமி நின்றது.

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றுதான் அன்று நினைத்தார். நினைத்த கையோடு கயிற்றை மறுபடி இழுத்தார்.